குண்டு வெடித்த மறுநாள் எதற்கெல்லாம் தலையாட்டுகிறோம்?

1997-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. நாட்டில் பயங்கரவாதத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், சாதாரண மனிதர்கள் தங்கள் சிவில் உரிமைகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமா? 29 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 62 சதவீதம் பேர் தேவையில்லை என்றார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில நாட்களில் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். இம்முறை ஆமாம் என்றவர்கள் 55 சதவீதம், தேவையில்லை என்றவர்கள் 35. பத்து ஆண்டு கழித்து, 2011-ல், ஆமாம் 40 ஆகவும் தேவையில்லை 54 ஆகவும் மாறியிருந்தன.

நாடும் அதேதான், கேள்வியும் அதேதான். பதில் மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? பயம்தான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அது பாதி விடைதான். பயந்த எல்லோரும் கண்காணிப்புக்குச் சம்மதிப்பதில்லை. பயத்தோடு இன்னும் இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். கண்காணிக்கப் போகிறவர்மீது நம்பிக்கை இருக்க வேண்டும். கண்காணிக்கப்படப் போவது நாமல்ல, வேறு யாரோ என்ற எண்ணமும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மக்கள் மனதில் உருவாக்குவதில் செய்திக்குப் பெரிய பங்கு உண்டு. செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அமெரிக்காவில் இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பயம் எப்படி வேலை செய்கிறது

பயங்கரவாதத் தாக்குதலில் சாகிறவர்கள் சிலர். ஆனால் அது நடத்தப்படுவது பார்த்துக்கொண்டிருக்கும் பலருக்காக. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் முதல் விமானம் மோதியதற்கும் இரண்டாவது மோதியதற்கும் இடையில் 17 நிமிடம் இருந்தது. அதற்குள் கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இரண்டாவது விமானம் மோதியதை உலகம் நேரலையில் பார்த்தது. அதன் பிறகு அந்தக் காட்சியை எத்தனை முறை போட்டுக் காட்டினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஒரு ஆபத்து எவ்வளவு பெரியது என்று மனம் எப்படிக் கணக்கிடுகிறது? புள்ளிவிவரத்தைத் தேடிப் போவதில்லை. அப்படி ஒரு சம்பவம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்க்கிறது. உடனே நினைவுக்கு வந்தால் அடிக்கடி நடப்பது என்று எடுத்துக்கொள்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1970-களிலேயே விளக்கிய பழக்கம் இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மூரில் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரே வித்தியாசம், இங்கே பேயைக் காட்டுவது இருட்டல்ல, நடுக்கூடத்தில் வெளிச்சமாக இருக்கும் திரை.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தூரம் போனார்கள். விமானத்தைவிடக் கார்ப் பயணத்தில்தான் ஆபத்து அதிகம். அடுத்த 12 மாதங்களில் இந்த மாற்றத்தால் மட்டும் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்டு கிகெரென்சர் மதிப்பிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்தவர்களின் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு அது. இந்த மரணங்கள் எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை. வந்திருந்தால் மக்கள் காருக்குப் பயந்திருப்பார்கள்.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் கலிஃபோர்னியாவின் இர்வின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். குண்டுவெடிப்பை அடுத்த வாரத்தில், அது பற்றிய செய்திகளையே தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களிடம், நேரில் அந்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றமாக இருப்பவர்கள்தான் செய்தியை அதிகம் பார்ப்பார்கள் என்றும் வாதிடலாம், அதுவும் உண்மையாக இருக்கலாம். எப்படியானாலும், பயமும் செய்தி பார்ப்பதும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

பயத்தையும் கோபத்தையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. ஜெனிஃபர் லெர்னரும் சக ஆய்வாளர்களும் செப்டம்பர் 11-க்குப் பிந்தைய வாரங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,000 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் பயமூட்டும் செய்தித் துணுக்கையும் சிலருக்குக் கோபமூட்டும் துணுக்கையும் காட்டினார்கள். இரண்டுமே நிஜமான ஊடகச் செய்திகள். பயந்தவர்கள் அடுத்த தாக்குதலுக்கான வாய்ப்பைக் கூட்டிச் சொன்னார்கள், கோபப்பட்டவர்கள் குறைத்துச் சொன்னார்கள். ஒரே நிகழ்வுதான். எந்தக் கோணத்தில் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பார்ப்பவரின் கணக்கு மாறிவிடுகிறது.

செய்திமீது திடீர் நம்பிக்கை

அதிர்ச்சி வந்தால் மக்கள் தலைமையைச் சுற்றித் திரள்வார்கள். 2001 செப்டம்பர் முதல் வாரத்தில் கேலப் கணிப்பில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு இருந்த ஆதரவு 51 சதவீதம். இரண்டே வாரத்தில் அது 90 ஆனது. அந்த இரண்டு வாரத்தில் அவருடைய ஆட்சித் திறமை கூடிவிடவில்லை.

இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகத் தெரியாதது, ஊடகங்களின் மதிப்பும் கூடவே ஏறியது. செய்தி நிறுவனங்கள் அமெரிக்காவின் பக்கம் நிற்கின்றன என்று சொன்னவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில் 43 சதவீதம். நவம்பரில் 69 சதவீதம். மக்கள் அதுவரை ஊடகங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள். ஓராண்டுக்குள் மறுபடி திட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த மதிப்பு எதற்காகக் கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். நேரம் காலம் பார்க்காமல் களத்தில் நின்று உழைத்தார்கள், அதற்கான பாராட்டு இதில் உண்டு. ஆனால் நாட்டின் பக்கம் நிற்பது என்பதற்கு அந்த நாட்களில் கேள்வி கேட்காமல் இருப்பது என்ற பொருளும் கலந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் ஐந்து பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்தித் தலைமைகளைத் தொலைபேசியில் அழைத்தார். பின் லேடனின் ஒளிப்பதிவுகளை வெட்டாமல் அப்படியே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்து நிறுவனங்களும் சரி என்றன.

அதே மாதம், அரசின் கண்காணிப்பு அதிகாரங்களைக் கூட்டிய பேட்ரியாட் சட்டம், அதாவது தேசபக்திச் சட்டம், வந்தது. தாக்குதல் நடந்து 45 நாளில் அதிபரின் கையெழுத்தும் ஆகிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 357 பேர் ஆதரவு, 66 பேர் எதிர்ப்பு. செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்த்தது ஒரே ஒருவர்: விஸ்கான்சினின் ரஸ் ஃபைங்கோல்ட். ஒருவர் எந்த நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தார் என்பது வரை கேட்டு வாங்க வழிசெய்யும் பிரிவு அதில் இருந்தது. அதை முதலில் உரக்க எதிர்த்தவர்களில் நூலகர்கள் முக்கியமானவர்கள். தொலைக்காட்சிக்காரர்களைவிட நூலகர்கள் இதில் துணிச்சலாக இருந்தார்கள் என்பது என் கருத்து.

பிறகு இராக். அங்கே பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு சொன்னதைப் பெரிய பத்திரிகைகளும் வழிமொழிந்தன. 2003 மார்ச்சில் போர் தொடங்கியது, ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் தன் வாசகர்களுக்குக் குறிப்பு எழுதி, தங்கள் செய்திகள் சிலவற்றில் போதிய கண்டிப்பு இல்லாமல் போனதை ஒப்புக்கொண்டது. அதே பத்திரிகை 2005 டிசம்பரில் இன்னொரு செய்தியை வெளியிட்டது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அமெரிக்கர்களின் வெளிநாட்டு அழைப்புகளை அரசின் உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை ஒட்டுக்கேட்கிறது என்ற செய்தி. வெள்ளை மாளிகை கேட்டுக்கொண்டதால் அதை ஓராண்டு வெளியிடாமல் வைத்திருந்ததாகவும் அதிலேயே எழுதியிருந்தார்கள்.

இந்த ஒரு செய்தியாலேயே இரண்டு விதமான அவநம்பிக்கை பிறந்தது. ஒரு தரப்புக்கு, ஓராண்டு மறைத்துவிட்டீர்களே என்ற கோபம். இன்னொரு தரப்புக்கு, போர்க்காலத்தில் ரகசியத்தை உடைத்துவிட்டீர்களே என்ற கோபம். ரகசியத்தை வெளியே சொன்னது வெட்கக்கேடான செயல் என்று புஷ் பேசினார். ஒரே செய்தியைப் பார்த்து எதிரெதிரான இரு தரப்பும் நமக்கு எதிராக எழுதியிருக்கிறார்கள் என்று நம்புவது புதிதல்ல. 1982-ல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1985-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாதுகாப்பு விவகாரம் என்றால் இந்த மனநிலை இன்னும் முற்றிப்போகிறது. அங்கே ஊடகம் பிழை செய்துவிட்டது என்று சொல்வதோடு நிற்பதில்லை, துரோகம் செய்துவிட்டது என்று சொல்கிறார்கள்.

மடியில் கனம் இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தாக்குதலுக்கு அடுத்த சில மாதங்களில் டேரன் டேவிஸ், பிரையன் சில்வர் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் தொலைபேசி வழியாக நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஆபத்து அதிகம் என்று உணர்ந்தவர்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்க அதிகம் தயாராக இருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்த முடிவுதான் கவனிக்க வேண்டியது. அரசின்மீது நம்பிக்கை குறைவாக இருந்தவர்கள், எவ்வளவு பயந்திருந்தாலும் விட்டுக்கொடுக்கத் தயங்கினார்கள். கறுப்பின மக்களிடம் இந்தத் தயக்கம் வெள்ளையரைவிட அதிகமாகத் தெரிந்தது.

அவர்களுக்கு மட்டும் பின் லேடனிடம் பயம் இல்லையா? இருந்தது. கூடவே வேறு நினைவும் இருந்தது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அரசே அனுமதி கொடுத்தது. அந்த உளவு வேலையும் நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரில்தான் நடந்தது. சொந்தச் சமூகத்தின் தலைவருக்கு நடந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறோம் என்றால் அவ்வளவு எளிதில் எடுபடாது.

கண்காணிப்புக்கு ஆதரவாக எல்லா நாட்டிலும் ஒரு வாதம் உண்டு. தமிழில் அதற்குப் பழமொழியே இருக்கிறது: மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. தப்பு செய்யாதவன் எதற்காகப் பயப்பட வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது மடிக்குச் சொந்தக்காரர் அல்ல, சோதனை போடுகிறவர். எது கனம் என்பதற்கான அளவுகோலும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆட்சி மாறினால் அளவுகோலும் மாறலாம்.

ஆட்சி மாறினால் ஆதரவாளர்கள் மாறுவதையும் கணிப்புகள் காட்டியிருக்கின்றன. 2006 ஜனவரியில், புஷ் ஆட்சியில், தேசியப் பாதுகாப்பு முகமையின் கண்காணிப்பை ஏற்றுக்கொண்ட குடியரசுக் கட்சியினர் 75 சதவீதம், ஜனநாயகக் கட்சியினர் 37 சதவீதம். 2013 ஜூனில், ஒபாமா ஆட்சியில், குடியரசுக் கட்சியினர் 52 சதவீதம், ஜனநாயகக் கட்சியினர் 64 சதவீதம். இரண்டு கேள்விகளும் சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை மாறியது தெளிவாகத் தெரிகிறது. பலரும் பதில் சொன்னது கண்காணிப்பு சரியா என்ற கேள்விக்கு அல்ல. நம்ம ஆள் செய்கிறாரா, அவங்க ஆள் செய்கிறாரா என்ற கேள்விக்கு.

அப்புறம், யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பது. நியூயார்க் காவல்துறை முஸ்லிம்கள் வாழும் பகுதிகளையும் அவர்கள் போகும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் மாணவர் சங்கங்களையும் ரகசியமாகக் குறிப்பெடுக்க ஒரு பிரிவையே வைத்திருந்தது. 2011-ல் அசோசியேட்டட் பிரஸ் இதை அம்பலப்படுத்தியது. அந்தப் பிரிவின் வேலையால் பயங்கரவாத விசாரணைக்கான ஒரு துப்புகூடக் கிடைக்கவில்லை என்று உயர் அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். 2014-ல் அதை மூடினார்கள். நகரத்தில் மற்றவர்களுக்கு இத்தனை ஆண்டும் இப்படி ஒரு பிரிவு இருந்ததே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் அந்தக் குறிப்பேட்டில் இல்லை.

அடுத்தவருக்கான சட்டம் என்று நினைத்தது நம் வீட்டுக் கதவைத் தட்டிய கதை தமிழ்நாட்டிலும் உண்டு. 2002 மார்ச்சில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சைச் சாட்சியமாக ஏற்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போது மத்தியில் ஆண்ட கூட்டணியில் இருந்த மதிமுக அதை ஆதரித்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று சொல்லி, மதிமுக பொதுச்செயலாளர் வைகோவை அதே சட்டத்தில் கைது செய்தது தமிழக அரசு. ஓராண்டுக்கு மேல் வேலூர் சிறை. 2003-ல் நக்கீரன் ஆசிரியர் கோபாலும் பொடாவில் கைதானார்.

பயம் ஆட்சியாளருக்கு எதிராகத் திரும்பும்போது

தாக்குதல் நடந்தால் ஆட்சியில் இருப்பவருக்கு லாபம் என்று ஒரு பேச்சு உண்டு. எப்போதும் அப்படி அல்ல. 2004 மார்ச் 11 காலை மாட்ரிட்டில் நான்கு ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாதான் காரணம் என்று ஸ்பெயின் அரசு அடித்துச் சொன்னது. பிரதமர் அஸ்னார் பத்திரிகை ஆசிரியர்களைத் தானே அழைத்துச் சொன்னார். ஆனால் தடயங்கள் எல்லாம் இஸ்லாமியத் தீவிரவாதிகளைக் காட்டின. அஸ்னார் அரசு இராக் போரை ஆதரித்த அரசு என்பதால் உண்மை அவர்களுக்குச் சங்கடம். தேர்தலுக்கு முந்தைய இரவு, கைப்பேசிக் குறுஞ்செய்திகள் வழியாக ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஆளுங்கட்சி அலுவலகங்களுக்கு முன் கூடினார்கள். எங்களுக்கு உண்மை வேண்டும் என்றார்கள். ஆளுங்கட்சி தோற்றது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சில மணி நேரத்தில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. வதந்தி பரவக் கூடாது என்பது காரணம். வதந்தி பரவியதும் உண்மை. ஆனால் வெளியூரில் இருக்கும் சொந்தங்களிடம் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல மக்கள் நம்பியிருந்ததும் வாட்ஸ்அப்பைத்தான். தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் செயலிகளைத் தெரிந்தவர்கள் அதன் வழியாகப் போனார்கள். தாக்குதல் நடக்கப் போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது பிறகு தெரியவந்தது. கையில் தகவல் இருந்தும் அரசு கோட்டை விட்டிருந்தது. 2023 ஜனவரியில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் மக்கள் கண்காணிப்பை வெறுத்திருக்க வேண்டுமே? இல்லை. தாக்குதல் நடந்த ஒரு வாரத்துக்குள் கோட்டாபய ராஜபக்ச தேர்தலில் நிற்கப் போவதாக அறிவித்தார். உளவுத்துறையை மறுபடி கட்டியெழுப்பிக் கண்காணிப்பைப் பலப்படுத்துவதாகச் சொன்னார். நவம்பரில் வென்றார். எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கியவர்களுக்குப் பதிலாக இன்னும் அதிக எச்சரிக்கைகளைத் திரட்டுகிறேன் என்றவருக்குப் பெரும்பான்மை வாக்களித்தது. பயம் ஆளும் தரப்பைக் கைவிட்டு, பலசாலி என்று தோன்றியவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஸ்னோடனுக்குப் பிறகு

2013 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு ஒன்றில் உளவுத்துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் நேரடியாகக் கேட்டார்கள்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தகவல்களைத் தேசியப் பாதுகாப்பு முகமை சேகரிக்கிறதா? இல்லை, தெரிந்தே செய்வதில்லை என்றார். மூன்று மாதத்தில், அந்த முகமைக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வைத்து கார்டியன் பத்திரிகை உண்மையை வெளியிட்டது. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற தொலைபேசிக் குறிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். பேசியது என்ன என்பது அதில் இல்லை. ஆனால் ஒருவர் வாரம் மூன்று முறை புற்றுநோய் மருத்துவரை அழைக்கிறார் என்று தெரிந்தால், அவர் என்ன பேசினார் என்று கேட்கவா வேண்டும்?

அந்த ஜூலையில் பியூ கணிப்பில், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகள் உரிமைகளைப் பறிக்கும் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டன என்று 47 சதவீதம் பேரும், இன்னும் போதாது என்று 35 சதவீதம் பேரும் சொன்னார்கள். பத்தாண்டாக நடத்திவந்த அந்தக் கணிப்பில் தராசு இந்தப் பக்கம் சாய்ந்தது அதுவே முதல் முறை. இந்தச் சாய்வும் நிலைக்கவில்லை. பாரிஸிலும் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவிலும் தாக்குதல்கள் நடந்த பிறகு, 2015 டிசம்பரில், போதாது என்றவர்கள் 56 சதவீதம், மிஞ்சிவிட்டது என்றவர்கள் 28 சதவீதம்.

இத்தனை அள்ளியதில் பலன் உண்டா? 2014 ஜனவரியில், அந்தரங்க உரிமைகளைக் கவனிக்கும் அரசுக் கண்காணிப்பு வாரியமே அறிக்கை கொடுத்தது. தொலைபேசிக் குறிப்புகளை மொத்தமாகச் சேகரித்த திட்டத்தால் ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவிலாவது திட்டவட்டமான மாற்றம் ஏற்பட்டதாகத் தங்களால் காண முடியவில்லை என்றது. இது அந்த ஒரு திட்டத்தைப் பற்றிய முடிவுதான், எல்லாக் கண்காணிப்பும் வீண் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. வெளிநாட்டவரைக் குறிவைத்த இன்னொரு திட்டம் பயன் தந்தது என்று அதே வாரியம் பின்னர் சொல்லியிருக்கிறது.

பாதிப்பு மட்டும் வேறு இடத்தில் தெரிந்தது. ஸ்னோடன் செய்திக்குப் பிறகு, பயங்கரவாதம் சார்ந்த விக்கிப்பீடியா கட்டுரைகளைப் படிப்போர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்ததை ஜான் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் காட்டினார். கலைக்களஞ்சியம் படிப்பது எந்த ஊரிலும் குற்றமல்ல. யாராவது பார்ப்பார்களோ என்ற நினைப்பே கையைத் தடுத்திருக்கிறது. பயங்கரவாதத்தைப் புரிந்துகொள்ள நினைத்த மாணவர்களும் வாசகர்களும்தான் இதில் ஒதுங்கியவர்கள். குண்டு வைக்கத் திட்டமிடுகிறவர் விக்கிப்பீடியாவை நம்பி இருப்பார் என்று தோன்றவில்லை.

மக்களின் மனம் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்க, சட்டங்கள் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. பேட்ரியாட் சட்டத்தில் 16 பிரிவுகளுக்குக் காலக்கெடு வைத்திருந்தார்கள். 2006-ல் அதில் 14-ஐ நிரந்தரமாக்கினார்கள். மொத்தமாகத் தொலைபேசிக் குறிப்பு அள்ளுவதை 2015-ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வெளிநாட்டுத் தொடர்புகளைக் கண்காணிக்க, வெளிநாட்டு உளவு கண்காணிப்புச் சட்டத்தில் 2008-ல் சேர்த்த 702-வது பிரிவை 2012, 2018, 2024 என்று தொடர்ந்து நீட்டித்தார்கள். ஒரு சட்டத்தைப் போட அதிர்ச்சியின் வேகம் போதும். அதை நீக்கப் பொறுமையும் பெரும்பான்மையும் தேவை. அடுத்த தாக்குதல் நடந்தால் நீக்கியவர் மேல்தான் பழி விழும் என்று எல்லா அரசியல்வாதிக்கும் தெரியும்.

கணிப்புகளைப் படிக்கும்போது

இந்தக் கட்டுரை முழுவதும் சதவீதங்களாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு பியூ மையமே 2013-ல் ஒரு சோதனை செய்தது. ஒரே கண்காணிப்புத் திட்டத்தை வெவ்வேறு சொற்களில் விவரித்து வெவ்வேறு ஆட்களிடம் கேட்டார்கள். பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையின் ஒரு பகுதி என்று சேர்த்தால் ஆதரவு 26-லிருந்து 35 சதவீதம் ஆனது. நீதிமன்ற ஒப்புதலோடு என்று சேர்த்தால் 25-லிருந்து 37 ஆனது. பயத்தை நினைவுபடுத்தும் சொல்லைவிட, யாரோ நியாயமானவர் மேற்பார்வை பார்க்கிறார் என்ற நம்பிக்கையைத் தரும் சொல் சற்று அதிகமாகவே வேலை செய்திருக்கிறது.

அந்த நீதிமன்றம் எது என்று கேள்வியில் சொல்லவில்லை. வெளிநாட்டு உளவு கண்காணிப்பு நீதிமன்றம் என்று பெயர். அது ரகசியமாகக் கூடும். பெரும்பாலும் அரசுத் தரப்பின் வாதத்தை மட்டுமே கேட்கும். முக்கியமான வழக்குகளில் எதிர்க்கருத்தைச் சொல்ல வெளியிலிருந்து நிபுணர்களை அழைக்கும் ஏற்பாட்டை 2015-ல்தான் சட்டத்தில் சேர்த்தார்கள்.